கம்பிக்குக் கீழே கருப்பசாமி

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் செல்லப்பாண்டி வீட்டுக்கு ஆள் வரும். மற்ற நாளெல்லாம் மயில் வரும், சோளத்தை மேய்ந்து தொலைக்கக் காட்டுப்பன்றி வரும், வாய் திறந்து பேசுகிற ஜீவன் ஒன்றும் வராது. தாயில்பட்டியிலிருந்து பிரிகிற கரிசல் பாதையில் கடைசி வீடு அவருடையது. அதைத் தாண்டினால் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள்தான், ஒன்று வெடித்தால் இன்னொன்றாவது தப்பட்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டியவை. மனைவி செல்வலட்சுமி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. அறுபதை நெருங்குகிற மனுஷன் தானே சமைத்து, உப்புக் குறைச்சல் என்று தானே வைது, தானே சமாதானமும் சொல்லிக்கொண்டு காலத்தைத் தள்ளினார்.

அந்த ஒரு நாள் பங்குனி உத்திரம். இந்தச் சீமையில் உத்திரமென்றால் அவனவன் குலதெய்வத்தைத் தேடி ஓடுவான். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருப்பவனும் ஓடுவான், கோயம்புத்தூரில் மில்லுக்குப் போகிறவனும் ஓடுவான், மெட்ராஸில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனும் மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டாவது ஓடி வருவான். செல்லப்பாண்டி வகையறாவுக்குச் சாமி கருப்பசாமி. செல்லப்பாண்டி வீட்டை ஒட்டிய நிலத்தில் ஒரு பெரிய வாகை மரத்தடியில் கல் பீடம் இருந்தது. அதன் மேல் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு உயரமான இரும்பு அரிவாள்கள் நின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பங்காளி வேண்டிக்கொண்டு நட்டது. நிலம் கூட்டுப் பட்டா, அதாவது பங்காளிகள் அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கும். உழுவதும் காவல் காப்பதும் மட்டும் செல்லப்பாண்டி ஒருத்தர்தான்.

மாசி பிறந்ததும் அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிடுவார். பானைகளைக் கழுவிக் கவிழ்ப்பார், தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பார், அரிவாள்களுக்கு எண்ணெய் தடவுவார். உத்திரத்தன்று காலையில் முதல் வேன் திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், மனுஷனுக்குத் தலைகால் புரியாது. "வாங்க, வாங்க, தண்ணி குடிச்சீகளா, வெயில்ல நிக்காதீக, பிள்ளைக்குத் தொப்பியப் போடு" என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். பெயர் தெரியாத பிள்ளைகளெல்லாம் பெரியப்பா என்று வந்து காலைக் கட்டும். சாயங்காலம் கடைசி வேனும் போன பிறகு புழுதி அடங்குகிறவரை பாதையிலேயே நிற்பார். மறுநாள் தொண்டை கட்டியிருக்கும். வருஷம் பூராவும் சும்மா கிடந்த தொண்டை ஒரு நாள் பாடுபட்டால் தாங்குமா? அந்தக் கட்டு விடுகிறவரை அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கும்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் டவர் லைன் வந்தது.

முதலில் ஜீப்பில் வந்து அளந்தார்கள். அப்புறம் கல் ஊன்றினார்கள். கிழக்கே இருந்து மேற்கே போகிற உயரழுத்த மின்கம்பி, கருப்பசாமியின் தலைக்கு நேர் மேலே போகிறதாம். செல்லப்பாண்டிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கே போய்விட்டார்.

அங்கே விசாரித்த அம்மா நல்லவள்தான். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னாள். "ஐயா, உங்க நிலத்த யாரும் வாங்கல, பறிக்கவும் இல்ல. பட்டா எப்பவும் போல உங்க பேர்லதான் இருக்கும். நீங்க உழலாம், விதைக்கலாம். மேல கம்பி போறதுக்கு வழி மட்டும்தான் கேக்குறாங்க. கம்பிக்குக் கீழ உயரமா மரம் இருக்கக் கூடாது, கட்டடம், கூரை எதுவும் போடக் கூடாது. அதுக்குண்டான நஷ்ட ஈடு வந்துரும்."

"அப்ப வீடு என்னுது, ஆனா உள்ள நான் நிமிந்து நிக்கப்படாது. அப்பிடித்தானம்மா?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. "சட்டம் அப்படித்தான் ஐயா. கம்பிய வேற பக்கம் திருப்பணும்னா பட்டாதாரர் எல்லாரும் சேர்ந்து வந்து கேளுங்க. பாக்கலாம்."

எல்லாரும் சேர்ந்தா! செல்லப்பாண்டி போன் போட்டார். ஒருத்தன் மீட்டிங் என்றான், ஒருத்தன் தீபாவளி சீசன் என்றான், ஒருத்தன் எடுக்கவே இல்லை. கடைசியில் வேலுச்சாமி நேரில் வந்தான். சித்தப்பா மகன், சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான், வகையறாவில் நாலு காசு பார்த்தவன் அவன்தான். அந்த நிலத்தில் என்றைக்காவது ஒரு பட்டாசு யூனிட் போடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தவன். கம்பிக்குக் கீழே மருந்து அறைக்கு எந்தக் காலத்திலும் லைசென்ஸ் கிடைக்காது என்று தெரிந்ததும் அவனுக்கு நிலத்தின் மேல் இருந்த பிரியம் ஒரே நாளில் வற்றிவிட்டது.

"அண்ணே, நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க ஒருத்தர் முறுக்கிக்கிட்டு நின்னா மட்டும் லைன் நிக்கவா போகுது? பைபாஸ் ஓரத்துல ஒரு இடம் பாத்திருக்கேன். கார் நேரா போயி நிக்கும். பொம்பளையாளுகளுக்கு பாத்ரூம் கட்டலாம். இங்கனருந்து பிடிமண் எடுத்துட்டுப் போயி அங்கன வச்சு, அய்யரக் கூப்பிட்டுப் பூசை போட்டுருவோம். சாமி மனசு நோகாது."

பிடிமண் என்றால் பீடத்தடி மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி மஞ்சத்துணியில் முடிந்து கொண்டுபோவது. மண் போன இடத்துக்குச் சாமியும் போய்விட்டதாகக் கணக்கு.

செல்லப்பாண்டி குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஏலே வேலு, சாமிய மண்ணா அள்ளிட்டுப் போயிருவ. என்னைய எதுல முடிஞ்சு கொண்டு போவ?"

வேலுச்சாமி கொஞ்சம் ஆடித்தான் போனான். "என்னண்ணே இப்பிடிக் கேக்கீக? வேன் அனுப்புறேன், வந்து எறங்குங்க. ராசா மாதிரி வச்சுக்கிட மாட்டோமா?"

பிடிமண் பைபாஸுக்குப் போயிற்று. மரத்தை வெட்டினார்கள். டவர் எழும்பியது. கம்பி இழுத்தார்கள். அந்தப் பங்குனியில் சொன்னபடியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. செல்லப்பாண்டிக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கருப்பனைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். யார் தனியாக இருந்தது என்று டிரைவருக்கா தெரியாது? அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அன்றைக்கு அவர் ஒற்றை ஆளாக ஒரு சின்னப் பானையில் பொங்கல் வைத்தார். பொங்கி வந்தபோது குலவை போட ஒரு பெண்பிள்ளை இல்லை. வருஷா வருஷம் கழுவி வைக்கிற பெரிய பானைகளைப் பழக்கதோஷத்தில் அந்த வருஷமும் கழுவியிருந்தார். அவை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பைபாஸ் கோயிலிலிருந்து யாரோ எடுத்த போட்டோக்கள் போனில் டொங் டொங்கென்று வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். வாய்விட்டு அழுதார். யார் இருக்கிறார்கள் வெட்கப்பட?

மரம் போனதில் கருப்பசாமி மொட்டை வெயிலில் நின்றது. கூரை போடக் கூடாது என்று கலெக்டர் ஆபீஸ் அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்தான். இருந்தாலும் செல்லப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. காயலான் கடையில் பழைய தகரங்களை வாங்கி வந்தார். நாலு காய்ந்த பனங்கழிகளை நட்டு, தகரத்தை மேலே போட்டு, காற்றுக்குப் பறக்காமல் இருக்க அரிவாள் முனைகளோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். "இனிமே நீ வேகாத" என்று சாமியிடம் சொன்னார். பேச்சுத் துணைக்கு அதுதான் இருந்தது.

தை மாசத்தில் கம்பியில் மின்சாரம் விட்டார்கள். மேலே எந்நேரமும் ஓர் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. பனி பெய்கிற விடியற்காலையில் அது இன்னும் கூடும். ஒரு வெள்ளிக்கிழமை அரிவாளுக்கு எண்ணெய் தடவக் கையை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இரும்பு விறுவிறுவென்று துடித்தது. மறுபடியும் தொட்டார், மறுபடியும் துடித்தது. "கருப்பா! வந்துட்டியாப்பா!" என்று அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

அந்தச் சந்தோஷம் லைன் இன்ஸ்பெக்டர் வருகிறவரைக்கும்தான். பாண்டிராஜ் என்று சின்ன வயசுப் பையன், கம்பியைப் பார்த்துக்கொண்டே பாதையோடு வந்தவன், தகரத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணாச்சி, கூரை போடாதீகன்னு எழுதியே குடுத்திருக்கு. அதுலயும் தகரத்தப் போட்டு இரும்போட கட்டி வச்சிருக்கீகளே!" டெஸ்டரை எடுத்து அரிவாளில் வைத்தான். உள்ளே சிவப்பாக எரிந்தது.

"அது கருப்பசாமி, தம்பி."

"இருக்கட்டும் அண்ணாச்சி. சாமி பீடத்துலயே இருக்கட்டும். ஆனா இந்தத் துடிப்பு மேல போற கரண்டு. ஒட்டாமலே தகரத்துல தொத்தும். பனங்கழியும் கல்லும் காஞ்சு கெடக்குறதால எறங்க வழியில்லாம இரும்புலயே நிக்குது. நீங்க தொட்டா உங்க வழியா மண்ணுக்கு எறங்குது. ஆளக் கொல்லாது. ஆனா தகரம் பெருசானா ஒதையும் பெருசா இருக்கும், பொறி தட்டும். கூரையப் பிரிங்க. பிரிக்க மனசு வரலன்னா எர்த்தாவது குடுங்க." ஒரு இரும்புக் கம்பியைத் தானே தரையில் அடித்து இறக்கினான். இறக்கி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. எங்கோ லைன் அறுந்துவிட்டதாம். ஒரு சுருள் கம்பியைச் செல்லப்பாண்டி கையில் திணித்தான். "இந்த மொனைய அரிவாள்ல முறுக்குங்க, அந்த மொனைய இந்தக் கம்பியில முறுக்குங்க. அம்புட்டுத்தான். மறந்துறாதீக."

செல்லப்பாண்டி சுருளைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார். சாமி என்று நினைத்தது கசிகிற கரண்டாகப் போனதில் அவருக்கு மனசு ஒரேயடியாக விட்டுப்போயிருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்தார்.

மறுநாள் காலையில் வேலுச்சாமி வந்தான். நஷ்ட ஈட்டுப் பேப்பரில் செல்லப்பாண்டி கையெழுத்து ஒன்று பாக்கியாம். செருப்பில் ஒட்டிய கரிசலை உதறுவதற்கு ஒற்றைக் காலில் நின்றவன், பிடிமானத்துக்கு அரிவாளைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் "எய்யா!" என்று அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தான்.

செல்லப்பாண்டி ஓடிப்போய்த் தூக்கினார். வேலுச்சாமிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. மறுபடியும் போய் ஒரு விரலை வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான், பேண்ட்டோடு மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, சாமி இங்கனயேதான் இருக்கு. பிடிமண்ணுக்கு அது வரல. நாங்க வெறும் மண்ணக் கொண்டுபோயி வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம். என் மக கல்யாணம் ஏன் தட்டிக்கிட்டே போகுதுன்னு இப்பத்தான் தெரியுது. கருப்பா, என்னைய மன்னிச்சிருப்பா!" லாரி லாரியாக லோடு அனுப்புகிற ஆள், தேம்பித் தேம்பி அழுதான்.

அது கரண்டுலே மடையா என்று சொல்லச் செல்லப்பாண்டி வாயைத் திறந்தார். அதற்குள் வேலுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "வார உத்திரத்துக்கு அம்புட்டுப் பேரையும் இங்கன கூட்டியாரேன்ணே. ஒருத்தன் பாக்கியில்லாம."

செல்லப்பாண்டி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பங்குனி உத்திரத்தன்று வேன்கள் வந்தன பாருங்கள், அப்படி ஒரு கூட்டத்தை அந்தப் பாதை கண்டதில்லை. பைபாஸ் கோயிலுக்கு வந்தவர்களும் வந்தார்கள், அதற்கும் வராதவர்களும் வந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக அரிவாளைத் தொட்டார்கள். தொட்டவுடன் பெண்கள் குலவை போட்டார்கள். மீட்டிங் என்று சொன்னவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெரிய பானைகள் அத்தனையும் அடுப்பேறின. பெரியப்பா, தாத்தா, மாமா என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள். செல்லப்பாண்டி வாய் ஓயாமல் பேசினார். பரணில் கிடந்த கம்பி அவ்வப்போது ஞாபகத்துக்கு வந்தது. வந்தபோதெல்லாம் யாராவது ஒருத்தருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

சாப்பாடு முடிந்ததும் வேலுச்சாமி நடுவில் நின்று அறிவித்தான். "அடுத்த வருசம் இந்தக் குட்டித் தகரமெல்லாம் வேண்டாம். இடத்த அடைச்சுப் பெரிய ஷெட்டாப் போட்டுருவோம். ஒரு லோடு வெடி நம்ம செலவு!" எல்லாரும் கை தட்டினார்கள். தகரம் பெருசானா ஒதையும் பெருசு, பொறி தட்டும் என்று பாண்டிராஜ் சொன்னது செல்லப்பாண்டி காதில் கேட்டது. காலிப் பானைகளைக் கழுவப் போய்விட்டார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் கற்பகம் வந்தாள். செல்லப்பாண்டிக்குப் பெரியப்பா மகள், எம். புதுப்பட்டியில் வாக்கப்பட்டவள், புருஷன் இல்லாதவள். பிறந்த வீட்டுப் பட்டாவில் அவள் பெயர் கிடையாது, அதனால் மரத்தை வெட்டும்போதும் யாரும் அவளைக் கேட்கவில்லை, சாமி திரும்ப வந்ததையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கேள்விப்பட்டுத் தானே மினி பஸ் ஏறி வந்திருந்தாள். ஒரே மகன் அருள்பாண்டி, பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன், போன வருஷ வெடி விபத்தில் போய்விட்டான். அதற்கப்புறம் அவள் யாரோடும் பேசுவதில்லை என்று சொல்வார்கள்.

அவள் அரிவாளைத் தொட்டாள். மற்றவர்கள் போல் கையை இழுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மினி பஸ் போய்விடும் என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடுங்குதுண்ணே" என்றாள் செல்லப்பாண்டியிடம். "அன்னைக்குக் காலையில அவனுக்குக் காச்சல். கை இப்பிடித்தான் நடுங்குச்சு. எம்மா, இன்னைக்குப் போகலம்மான்னான். சீசன் நேரத்துல ஆர்டர் கெடக்கும்போது லீவு போட்டா கம்பெனியில ஏசுவாகன்னு நான்தான் மாத்திரையக் குடுத்து அனுப்பிவச்சேன். பெறகு துணியச் சுத்திக் குடுத்தாக. கையத் தொட விடல. கை இருந்துச்சான்னே தெரியல." அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "இப்பப் பிடிச்சிருக்கேன்ல."

அது கரண்டு என்று அன்றைக்கும் செல்லப்பாண்டி சொல்லவில்லை.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பகம் வந்தாள். வந்ததும் அரிவாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கை மரத்துப்போனால் விட்டுவிட்டு வந்து உட்காருவாள். போகப் போகச் செல்லப்பாண்டி வீட்டு அடுப்பில் ரசம் வைத்தாள். அவர் ரசத்தில் உப்பில்லை என்று வைதார், அவள் "ஒங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சு" என்று பதிலுக்கு வைதாள். மறுபக்கத்திலிருந்து ஒரு பதில் வந்து எத்தனை காலம் ஆயிற்று! வியாழக்கிழமையே அவர் வீட்டைப் பெருக்கி வைத்துவிடுவார். தான் செய்வது அநியாயம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வெள்ளிக்கிழமை வந்தால் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வைகாசியில் ஒரு நாள் கற்பகம் சொன்னாள். "அண்ணே, புதுப்பட்டி வீட்டக் குடுத்துரலாம்னு பாக்கேன். இங்கன சாமி பக்கத்துல ஒரு குடிசை போட்டுக்கிட்டா, ஒங்களுக்கும் கஞ்சி காச்சிக் குடுத்துக்கிட்டு இருந்துருவேன்."

சரி தாயி என்று சொல்ல அவர் நாக்கு துடித்தது. இத்தனை வருஷமாக அவர் கேட்டது இதைத்தானே. ஒரே ஒரு ஆள், வந்து போகாமல் கூடவே இருக்கிற ஆள். கம்பிக்குக் கீழே குடிசை போடக் கூடாது என்றுகூட அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றவில்லை.

அவளே மேற்கொண்டு பேசினாள். "எனக்கு ஒண்ணுதான்ணே ஆறல. வாரா வாரம் வந்து பிடிச்சுப் பாக்கேன். நடுக்கம் நிக்கவே மாட்டேங்குது. அங்கன போயும் அவனுக்கு இன்னும் காச்சல் விடலையோ? பிள்ள இன்னும் நடுங்கிக்கிட்டேவா கெடக்கான்?"

செல்லப்பாண்டி எழுந்து நின்றார். வீட்டுக்குள் போய்ப் பரணில் கைவிட்டுச் சுருளை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"கற்பகம், என்னைய நீ அடிச்சாலும் சரி, காறித் துப்புனாலும் சரி. அது அருளுமில்ல, கருப்பனுமில்ல. மேல போற கரண்டு. நான் போட்ட தகரத்துல தொத்தி அரிவாளுக்கு எறங்குது. மொதல்லயே எனக்குத் தெரியும். சொன்னா ஒருத்தரும் வர மாட்டாகன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். அம்புட்டுத் தனியா இருந்தேன் தாயி. ஒன் பிள்ளைக்குக் காச்சலெல்லாம் இல்ல. அவன் நடுங்கல. நான்தான் ஒன்னைய இத்தன நாளா நடுங்க வச்சிருக்கேன்."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மேலே கம்பி இரைந்துகொண்டிருந்தது. கற்பகம் அண்ணாந்து அதைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த சுருளைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"இதக் கட்டிவிட்டா மண்ணுக்குள்ள எறங்கிரும். நின்னுரும்."

அவள் எழுந்து போய் அரிவாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கேன். நீங்க கட்டுங்க."

"கையெடு தாயி. நான் கட்டிக்கிடுறேன்."

"அன்னைக்குத்தான் கையப் பிடிக்க விடல. இன்னைக்காவது பிடிச்சுக்கிடுறேன். கட்டுங்கண்ணே."

செல்லப்பாண்டி ஒரு முனையை அரிவாளின் அடியில் சுற்றினார். கம்பி இரண்டு தரம் நழுவியது. மறுமுனையைத் தரையில் இருந்த இரும்பின் பக்கம் கொண்டுபோனபோது சின்னதாக ஒரு பொறி தட்டியது. சுற்றினார், முறுக்கினார், இறுக்கினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

கற்பகம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இரும்பு சும்மா இருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள். மெதுவாக அவள் தோள் இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"விட்டுருச்சுண்ணே" என்றாள். "காச்சல் விட்டுருச்சு. தூங்கட்டும்."

அப்புறம் அவள் அவரை வையவில்லை. வீட்டு வாசல் வேப்பநிழலில் உட்கார்ந்து அருள்பாண்டியைப் பற்றிப் பேசினாள். சின்னதில் அவன் சீனிச் சேவு திருடித் தின்றது, கம்பெனியில் முதல் போனஸ் வாங்கி அவளுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தது, எல்லாம் சொன்னாள். செல்லப்பாண்டி செல்வலட்சுமியைப் பற்றிச் சொன்னார். மரத்தைப் பற்றிச் சொன்னார், ஒற்றை ஆளாகப் பொங்கல் வைத்த அந்த உத்திரத்தைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லாததெல்லாம் அன்றைக்குச் சொன்னார். கடைசி மினி பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக அவள் சொல்லவில்லை. வருவாயா என்று அவரும் கேட்கவில்லை. பஸ் போன புழுதி அடங்குகிறவரை நின்றார்.

வீட்டுக்கு வந்து வேலுச்சாமிக்குப் போன் போட்டார். "ஏலே, அது கரண்டுலே. ஷெட்டுப் போட்றாத, வெடியும் கொண்டாந்துறாத. ஆளு போயிரும்" என்று விவரமாகச் சொன்னார். "என்னைய அழவச்சு, அம்புட்டுப் பேரையும் கூட்டியார வச்சு வேடிக்க பாத்திருக்கீக" என்றான் வேலுச்சாமி. போனை வைத்துவிட்டான். இனி உத்திரத்துக்கு ஒரு வேன்கூடத் திரும்பாது என்பது செல்லப்பாண்டிக்குத் தெரிந்துபோயிற்று. அரிவாளில் கட்டிய கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

காலையில் எழுந்து மயிலை விரட்ட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது.